மில்லியா, கிராமா? நறுமண எண்ணெய் வாங்கும்போது அளவைக் கணக்கிடும் முறை

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அதில் பெரிய சொட்டாகக் கிராம்பு எண்ணெயை விடுங்கள். மேலே கொஞ்சம் தயங்கி நிற்கும். குச்சியால் லேசாகத் தட்டினால் உருண்டையாக இறங்கி அடியில் உட்கார்ந்துவிடும். இன்னொரு டம்ளரில் ஆரஞ்சுத் தோல் எண்ணெயை விட்டால் எவ்வளவு தட்டினாலும் மேலேயே படர்ந்து நிற்கும். கடையில் இரண்டும் ஒரே மாதிரி 100 மில்லி பழுப்புக் குப்பியில்தான் கிடைக்கின்றன. ஆனால் கிராம்புக் குப்பிக்குள் இருப்பது ஏறக்குறைய 105 கிராம். ஆரஞ்சுக் குப்பிக்குள் இருப்பது 84, 85 கிராம்தான். ஒரே 100 மில்லிக்குள் 20 கிராம் வித்தியாசம்.

சோப்பு, மெழுகுவத்தி, தைலம், முடி எண்ணெய் என்று சிறு அளவில் தயாரிக்கத் தொடங்குபவர்கள் பணத்தைக் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண்ணெய் வடிப்பவரும் மொத்த வியாபாரியும் கிலோவில் பேசுகிறார்கள். சில்லறைக் கடை மில்லியில் விற்கிறது. வெளிநாட்டுத் தளத்தில் அவுன்ஸ். அத்தர் கடையில் தோலா. செய்முறைக் குறிப்போ சொட்டுக் கணக்கில் இருக்கிறது. இவை எல்லாவற்றையும் கிராமுக்குக் கொண்டுவந்துவிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அதற்குத் தேவையானவை ஒரு தராசும் ஒரு வகுத்தல் கணக்கும்தான்.

முதலில் அடர்த்தியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு மில்லி எண்ணெய் எத்தனை கிராம் எடை இருக்கிறது என்பதே அடர்த்தி. தண்ணீருக்கு அது 1 என்று வைத்துக்கொள்ளலாம். நறுமண எண்ணெய்களில் பெரும்பாலானவை தண்ணீரைவிட லேசானவை. கிராம்பு, இலவங்க இலை (பட்டை மரத்தின் இலை), விண்டர்கிரீன் போன்ற சில மட்டும் கனமானவை. அடிக்கடி வாங்கப்படும் எண்ணெய்களின் அடர்த்தி, 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

ஆரஞ்சு: 0.842 – 0.850
எலுமிச்சை: 0.850 – 0.858
லாவெண்டர்: 0.878 – 0.892
டீ ட்ரீ: 0.885 – 0.906
லெமன்கிராஸ் (கேரள வகை): 0.885 – 0.905
பெப்பர்மின்ட்: 0.900 – 0.916
யூகலிப்டஸ், அதாவது நம் நீலகிரித் தைலம்: 0.906 – 0.927
சந்தனம்: 0.968 – 0.983
வெட்டிவேர்: 0.98 – 1.04
இலவங்க இலை (இலங்கை வகை): 1.03 – 1.06
கிராம்பு மொட்டு: 1.04 – 1.06
விண்டர்கிரீன்: 1.17 – 1.19

செடி வகை, விளைந்த இடம், வடித்த விதம் ஆகியவற்றைப் பொறுத்து எண் கொஞ்சம் ஏறி இறங்கும். அதனால் நீங்கள் வாங்கும் அந்தக் குறிப்பிட்ட பேட்ச்சுக்குப் பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேளுங்கள். வியாபாரத்தில் சிஓஏ என்பார்கள். அதில் 'ஸ்பெசிஃபிக் கிராவிட்டி' அல்லது 'ரிலேட்டிவ் டென்சிட்டி' என்ற வரியில் உள்ள எண்தான் உங்களுக்கு வேண்டியது. பக்கத்தில் வெப்பநிலையும் எழுதியிருக்க வேண்டும். மொத்தமாக வாங்கும்போதும் இந்தச் சான்றிதழைத் தரத் தயங்குகிற கடையில் முதல் தடவையே ஒரு கிலோ வாங்காதீர்கள்.

கணக்கு எளிது. மில்லியை அடர்த்தியால் பெருக்கினால் கிராம் வரும். கிராமை அடர்த்தியால் வகுத்தால் மில்லி வரும். ஒரு கிலோ ஆரஞ்சு எண்ணெய் (0.845) என்றால் 1,183 மில்லி. ஒரு கிலோ கிராம்பு எண்ணெய் (1.05) என்றால் 952 மில்லிதான். 'ஒரு கிலோ வாங்கி 10 மில்லி குப்பிகளில் நிரப்பி விற்கப் போகிறேன்' என்பவர் இதைப் போட்டுப் பார்க்காமல் நூறு குப்பி வாங்கி வைத்தால், ஆரஞ்சுக்குக் குப்பி போதாது. கிராம்புக்கு ஐந்து குப்பி காலியாக நிற்கும்.

வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு டிகிரி சூடு ஏறும்போதும் இந்த எண்ணெய்களின் அடர்த்தி ஏறக்குறைய 0.0008 குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் இருந்த எண்ணெய், சென்னையின் 35 டிகிரி வெயிலில் 13 மில்லிபோலப் பெருகி நிற்கும். குளிரூட்டிய அறையில் விளிம்புவரை நிரப்பிய குப்பி மே மாதத்தில் கசிவதற்கு இது ஒரு காரணம். எடை மட்டும் எந்த வெயிலிலும் மாறாது. மொத்த வியாபாரம் கிலோவைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

லேபிளில் பார்க்க வேண்டியவை

குப்பியின் உருவத்தைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். 100 மில்லிக் குப்பி என்று விற்கப்படும் கண்ணாடிக் குப்பியை விளிம்புவரை நிரப்பினால் 100-க்கு மேலேயே பிடிக்கும். கழுத்துப் பகுதியில் காலி இடம் விட்டுத்தான் நிரப்புவார்கள். தடித்த அடிப்பாகம் கொண்ட அலங்காரக் குப்பிகள் கண்ணை இன்னும் ஏமாற்றும். 'நிகர அளவு' என்ற இடத்தில் உள்ள எண்தான் சட்டப்படி செல்லும்.

இந்தியாவில் பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி நிகர அளவும் அதிகபட்ச விலையும் அச்சிடப்பட வேண்டும். இப்போது ஒரு மில்லிக்கு அல்லது ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதையும் அச்சிடுகிறார்கள். அந்தச் சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள். 10 மில்லிக்கு 180 ரூபாய், 15 மில்லிக்கு 255 ரூபாய் என்று இரு குப்பிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், மில்லிக்கு 18, மில்லிக்கு 17 என்று அந்த எழுத்தே சொல்லிவிடும். 10 மில்லியும் அதற்குக் குறைவான குப்பிகளும் இந்த விதிகளில் விலக்குப் பெறக்கூடியவை என்பதால், சிலவற்றில் அந்த வரி இருக்காது, நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் விழுக்காடு ஏதாவது போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மல்லிகை, ரோஜா, சந்தனம் போன்ற விலை உயர்ந்தவை, ஹோஹோபா எண்ணெயிலோ வேறு எண்ணெயிலோ 3% அல்லது 10% கலந்து விற்கப்படுவதுண்டு. அப்படி விற்பது தவறில்லை, வெளிப்படையாக எழுதியிருந்தால். 10% என்று போட்ட 10 மில்லிக் குப்பியில் நீங்கள் தேடிப்போன பொருள் ஒரு மில்லி அளவுக்குத்தான் இருக்கும். விலையை அந்த ஒரு மில்லிக்கு வைத்துப் பாருங்கள்.

விலையை ஒரு கிராமுக்கு இறக்குங்கள்

கணக்கு புரிவதற்காக நீலகிரித் தைலத்துக்கு மூன்று விலை கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு கிலோ 2,400 ரூபாய் என்கிறார். இன்னொருவர் ஒரு லிட்டர் 2,300 என்கிறார். மூன்றாவது கடையில் 100 மில்லி 260. பார்த்தவுடன் 2,300 ரூபாய்தான் மலிவு என்று தோன்றும்.

அடர்த்தி 0.915 என்று எடுத்தால் ஒரு லிட்டரில் இருப்பது 915 கிராம். 2,300-ஐ 915-ஆல் வகுத்தால் கிராமுக்கு 2 ரூபாய் 51 காசு. கிலோ விலையில் கிராமுக்கு 2 ரூபாய் 40 காசுதான். சில்லறைக் குப்பியில் 91.5 கிராம் இருப்பதால் கிராமுக்கு 2 ரூபாய் 84 காசு. ஆக, கூடுதலாகத் தெரிந்த கிலோ விலைதான் உண்மையில் மலிவு.

அதோடு முடிந்துவிடவில்லை. கிலோக்காரர் சொன்ன விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். 18% தனியாகப் போடுவார் என்றால் அதே கிலோ 2,832 ரூபாய் ஆகி, வரி சேர்த்து விற்கும் சில்லறைக் குப்பியின் பக்கத்தில் வந்து நின்றுவிடும். கூரியர் செலவையும் கூட்டி, மொத்தத் தொகையைக் கிராமால் வகுத்த பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

கிராம்பு, இலவங்க இலை போன்ற கனமான எண்ணெய்களுக்கு இது தலைகீழாகும். அங்கே லிட்டர் விலையில் வாங்குபவருக்குத்தான் கிராம் கூடுதலாகக் கிடைக்கும்.

அவுன்ஸும் தோலாவும்

அவுன்ஸ் என்ற பெயரில் இரண்டு அளவுகள் உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம். திரவ அவுன்ஸ் கொள்ளளவு. அமெரிக்கத் திரவ அவுன்ஸ் 29.57 மில்லி, பிரிட்டிஷ் திரவ அவுன்ஸ் 28.41 மில்லி. தண்ணீராக இருந்தால் இந்த எண்கள் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும், யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. ஆரஞ்சு எண்ணெயில் அப்படி இல்லை. 4 அமெரிக்கத் திரவ அவுன்ஸ் என்றால் 118 மில்லி, அதாவது 100 கிராம். 4 எடை அவுன்ஸ் என்றால் 113 கிராம், அதாவது 134 மில்லி. '4 அவுன்ஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால், எந்த அவுன்ஸ் என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் மில்லியோ கிராமோ போட்டிருந்தால் அந்த எண்ணையே பிடித்துக்கொள்ளுங்கள். கேலனும் அப்படித்தான்: அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர்.

தோலா என்பது எடை: 11.66 கிராம். அத்தர் கடைகளில் ஒரு தோலா என்று 12 மில்லிக் குப்பியைக் கொடுப்பார்கள். அரைத் தோலா 6 மில்லி, கால் தோலா 3 மில்லி. அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊர் மரபில் சந்தன எண்ணெயின் மேல் வடித்த அத்தர் என்றால் அடர்த்தி 0.97-ஐ ஒட்டி இருக்கும். 12-ஐ 0.97-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 11.64 கிராம். கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் லேசான பாரஃபின் எண்ணெயின் மேல் செய்த மலிவான அத்தரில் அதே 12 மில்லி ஒரு தோலா எடை வராது. விலை உயர்ந்த அத்தரை உங்கள் கண் முன்னால் தராசில் வைத்துத் தரச் சொல்வதே நல்லது. நல்ல கடைக்காரர்கள் முகம் சுளிக்க மாட்டார்கள்.

வந்த குப்பியை எடைபோடுங்கள்

0.01 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். 200 கிராம்வரை தாங்கும் மலிவான பாக்கெட் தராசை வாங்காதீர்கள். 100 மில்லி எண்ணெய் நிரம்பிய கண்ணாடிக் குப்பியே 200 கிராமைத் தொட்டுவிடும். 500 கிராம்வரை தாங்குவது சரியாக இருக்கும். கூடவே 100 கிராம் சோதனை எடைக்கல் ஒன்று. தராசைச் சமமான, மின்விசிறிக் காற்று படாத இடத்தில் வைத்து, எடைக்கல்லை ஏற்றிப் பார்த்த பிறகே எண்ணெயை நிறுக்க வேண்டும்.

குப்பி வந்ததும், திறப்பதற்கு முன்பே முழு எடையைக் குறித்து லேபிளில் தேதியோடு எழுதுங்கள். எண்ணெய் தீர்ந்ததும் காலிக் குப்பியை மூடி, சொட்டு அடைப்பான், லேபிள் எல்லாவற்றோடும் நிறுத்துப் பாருங்கள். ஒரே கடையில் ஒரே குப்பியில் திரும்பத் திரும்ப வாங்கினால், அடுத்த தடவை அந்தக் காலி எடையை வைத்தே உடனே சோதிக்கலாம். லெமன்கிராஸ் குப்பியின் முழு எடை 196.4 கிராம், காலி எடை 106.9 கிராம் என்றால் உள்ளே இருந்தது 89.5 கிராம். அதை 0.895-ஆல் வகுத்தால் 100 மில்லி. சரி.

அதே கழித்தலில் 82 கிராம்தான் வருகிறது என்றால், 91.6 மில்லிதான் நிரப்பியிருக்கிறார்கள். 88.5 வந்தால் சண்டைக்குப் போகாதீர்கள். கோடைச் சூட்டில் 100 மில்லி நிரப்பினால் ஒரு கிராம் அளவுக்குக் குறைவது இயல்பு. விதிகளும் தனிப் பொட்டலத்துக்குக் கொஞ்சம் ஏற்ற இறக்கம் அனுமதிக்கின்றன: 50 மில்லி வரை 9%, 50 முதல் 100 மில்லி வரை 4.5 மில்லி. ஒரு குப்பி குறைந்தால் இன்னொன்று கூட வேண்டும், சராசரி குறையக் கூடாது என்பதுதான் அதன் உட்பொருள். வாங்கும் ஒவ்வொரு குப்பியிலும் அதே மூன்று நான்கு மில்லி குறைந்துகொண்டே வந்தால், அதைத் தற்செயல் என்று விட வேண்டியதில்லை.

வெட்டிவேர், பச்சௌலி போன்ற கெட்டியான எண்ணெய்கள் குப்பியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அவற்றில் காலிக் குப்பி என்று நீங்கள் நினைப்பது காலியாக இருக்காது. வெந்நீரில் பத்து நிமிடம் நிற்க வைத்து, கவிழ்த்து வடித்த பிறகு நிறுங்கள்.

அடர்த்தியை வீட்டிலேயே பார்க்கும் முறை

10 மில்லி கண்ணாடி அளவுக் குடுவை, கழுத்தில் ஒரே ஒரு கோடு போட்டது, ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். உலர்ந்த குடுவையைத் தராசில் வைத்து டேர் பொத்தானை அழுத்திச் சுழியமாக்குங்கள். காய்ச்சி வடித்த நீரைக் கோடுவரை ஊற்றுங்கள். கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, நீர்ப்பரப்பின் குழிந்த அடிப்பகுதி கோட்டைத் தொட வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவு தப்பும். எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். குடுவையை முழுக்க உலர்த்தி, அதே அறையில், அதே சூட்டில் எண்ணெயை ஊற்றி நிறுங்கள்.

30 டிகிரியில் நீர் 9.96 கிராம், நீலகிரித் தைலம் 9.06 கிராம் என்று வந்தால், வகுத்தால் 0.9096. 30 டிகிரியில் நீரின் அடர்த்தி 0.9957, அதால் பெருக்கினால் 0.9057. பத்து டிகிரிக்கு 0.008 கூட்டினால் 20 டிகிரியில் 0.914. பட்டியலில் உள்ள எல்லைக்குள் வந்துவிட்டது. குடுவைக்குப் பதில் 10 மில்லி அளவு உருளையைப் பயன்படுத்தினால் கோட்டிலேயே 0.1, 0.2 மில்லி பிழை வரும்; மூன்றாவது தசம இடத்தை நம்ப முடியாது.

எண் எல்லைக்கு வெளியே போனால் கலப்படமோ வேறு சரக்கோ இருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எல்லைக்குள் வந்தால் சுத்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆமணக்கு எண்ணெயின் அடர்த்தி 0.96; சந்தன எண்ணெயில் அதைக் கலந்தால் தராசு அதிகம் காட்டிக்கொடுக்காது. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு நாள் கழித்துப் பார்ப்பது கூடுதல் சோதனை. லெமன்கிராஸோ யூகலிப்டஸோ எண்ணெய்ப் பசை இல்லாமல் பறந்துவிட வேண்டும். சமையல் எண்ணெய் கலந்திருந்தால் பசைக்கறை நிற்கும். சந்தனத்துக்கும் வெட்டிவேருக்கும் இந்தத் தாள் சோதனை பொருந்தாது, அவை இயல்பிலேயே மெதுவாகத்தான் ஆவியாகும்.

சொட்டு என்பது அளவே இல்லை

ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று எங்கும் எழுதியிருப்பார்கள். அது மருந்துக்கடை வழக்கம், தண்ணீருக்கு ஓரளவு பொருந்தும். நறுமண எண்ணெய்களின் பரப்பு இழுவிசை தண்ணீரைவிடக் குறைவு என்பதால் சொட்டு சிறியதாகவே விழும். குப்பி வாயில் உள்ள அடைப்பானின் துளை அளவு, குப்பியைச் சாய்க்கும் கோணம், எண்ணெயின் கெட்டித்தன்மை, அன்றைய சூடு எல்லாமே சொட்டை மாற்றும். ஒரு மில்லிக்கு 20 முதல் 40 சொட்டு வரை எதுவும் வரலாம்.

சொட்டில்தான் செய்ய வேண்டும் என்றால், உங்கள் குப்பிக்கு ஒரு முறை அளந்துவிடுங்கள். சிறு கண்ணாடிக் கிண்ணத்தைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, எப்போதும் பிடிக்கும் கோணத்திலேயே பிடித்து 20 சொட்டு விடுங்கள். லாவெண்டர் 0.62 கிராம் வந்தால் ஒரு சொட்டு 0.031 கிராம். அதைக் குப்பியிலேயே எழுதி ஒட்டுங்கள். வேறு குப்பிக்கு மாற்றினால் அந்த எண் செல்லாது.

கலக்கும்போது

விழுக்காட்டை எடையில் பாருங்கள். 2% லாவெண்டர் முடி எண்ணெய் 100 கிராம் வேண்டுமானால் 98 கிராம் தேங்காய் எண்ணெய், 2 கிராம் லாவெண்டர். 100 கிராமில் 2 கிராமைச் சேர்த்தால் மொத்தம் 102 ஆகி, விழுக்காடு குறைந்துவிடும்.

கிராம்பில்தான் கவனம் அதிகம் தேவை. தோலில் தடவும் பொருளில் கிராம்பு எண்ணெயை 0.5%-க்கு மேல் போக வேண்டாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் பாதுகாப்பு எல்லை. 50 கிராம் தைலத்தில் அது 0.25 கிராம். ஒரு கிராம் ஒரு கிராமாகக் காட்டும் சமையலறைத் தராசில் இதை நிறுக்கவே முடியாது. நல்ல தராசிலும் ஒரு சொட்டு தவறி விழுந்தால் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடிவிடும். எனவே முதலில் 10 கிராம் கிராம்பு எண்ணெயை 90 கிராம் தேங்காய் எண்ணெயில் கலந்து, '10%' என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து 2.5 கிராம் எடுத்து 47.5 கிராம் எண்ணெயில் சேர்த்தால், உள்ளே போயிருப்பது சரியாக 0.25 கிராம் கிராம்பு. கனமான, காரமான எண்ணெய் எல்லாவற்றுக்கும் இந்த முறையே பாதுகாப்பானது.

ஊற்றும் பாத்திரம் கண்ணாடியாக இருக்கட்டும். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெய்கள் பாலிஸ்டைரீன் கப்பையும் தெர்மாகோலையும் கரைத்துவிடும். பிளாஸ்டிக் ஊசிக்குழாயின் ரப்பர் முனை ஊறிப் பெருத்து நகராமல் நிற்கும், குழாயின் மேல் அச்சிட்ட கோடுகள் அழிந்துபோகும். அப்புறம் அளவை எதைப் பார்த்துப் படிப்பது? கண்ணாடிப் பிப்பெட்டே நல்லது. நிறுத்து வைத்த குப்பிகளைக் குழந்தைகளுக்கு எட்டாத அலமாரியில் பூட்டி வையுங்கள். நீலகிரித் தைலமும் விண்டர்கிரீனும் சில மில்லி உள்ளே போனாலே குழந்தைக்கு ஆபத்து.

அளவு குறைந்தால்

திறக்காத இரண்டாவது குப்பி ஒன்றைச் சான்றாக வைத்துக்கொண்டு, முழு எடை, காலி எடை, பேட்ச் எண், பில் ஆகியவற்றின் படத்தோடு முதலில் விற்பவருக்கு எழுதுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை; மாவட்டத்தில் உள்ள அதன் அமலாக்கப் பிரிவு அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். புகாரில் 'குறைவாக இருந்தது' என்று பொதுவாக எழுதாமல், லேபிளில் 100 மில்லி, உள்ளே இருந்தது 82.0 கிராம், சான்றிதழில் உள்ள அடர்த்தி 0.895, ஆகவே 91.6 மில்லி என்று நான்கு எண்களையும் வரிசையாக எழுதுங்கள்.